உடையாத உருண்டைகள்

வேறொரு ஆய்வகத்தை நடத்தும் டாக்டர் கார்லண்ட் ஸ்ட்ரோ திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து எங்கள் பூஞ்சையை எடுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று ஆரின் சொன்ன அன்று, எங்களிடம் நொதிப்பொடி ஒரே ஒரு குப்பிதான் மீதி இருந்தது. இடையில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை வேறு. வான்கோழி மிச்சத்தைத் தின்று தீர்ப்பதற்குள் திங்கள் வந்துவிடும்.

ஆரின் ட்வெய்ட் எங்கள் ஆய்வகத்தின் பேராசிரியர். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். என்னிடம் அன்றும் அப்படித்தான் சொன்னார்.

"அவங்க லேப்ல ஆளும் இருக்கு, நொதியும் இருக்கு. மூணு மாசத்துல முடிச்சிருவாங்க. ஆராய்ச்சிக் கட்டுரைல நம்ம பேரையும் போடுவாங்க, டார்லிஸ்."

"எங்க போடுவாங்க?" என்று கேட்டாள் ஜாய்லீன். ஆய்வகத்தில் பூஞ்சைக்கு உணவு தயாரிக்கும் சமையலறையின் ராணி அவள். கஞ்சி, கூழ், தட்டில் உறையும் அகர் எல்லாம் அவள் கைப்பக்குவம்.

"நடுவுல எங்கயாவது."

"பன்னுக்கு நடுவுல வெங்காயம் மாதிரியா? யாரு கண்ணுக்கும் படாது, வாய் மட்டும் நாறும்."

ஆரின் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தப் பூஞ்சை என்னுடையது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம், எங்கள் அப்பாவின் வயலில், வீட்டுக்கு வடக்கே தாழ்வான மூலையில் இருந்த கோதுமை முழுக்க ஒரே வாரத்தில் வெளுத்தது. பச்சையாக நிற்க வேண்டிய கதிர்கள் எலும்பு நிறத்தில் நின்றன. உள்ளே மணி சுருங்கி, சுண்ணாம்புத் தூள் அப்பியது போல் இருந்தது. மாவு ஆலை அந்தக் கோதுமையைத் தொடாது. பன்றிகூடத் தின்று வாந்தி எடுக்கும். வெளுத்த கதிர்களில் நாற்பதை ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். கதவைத் தட்டத் துணிவில்லாமல் முக்கால் மணி நேரம் வெளியிலேயே நின்றேன். காப்பி வாங்க வெளியே வந்த ஆரின், பையைப் பார்த்துவிட்டு, "அது எனக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் கதிர்களில் ஒன்றிலிருந்து வந்ததுதான் எங்கள் ஆய்வகத்தின் மிக மூர்க்கமான பூஞ்சை. கதிரின் ஒரு பூவில் ஒரு சொட்டு வைத்தால் போதும், இரண்டே வாரத்தில் மொத்தக் கதிரையும் கொன்றுவிடும். அதற்கு ஆரின் என் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார். ஒரு மாதம் கழித்து நான் அங்கே கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு கஞ்சி காய்ச்சினேன். பிறகு பூஞ்சையின் வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அதை அங்கே யாரும் பேசியதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஆரினுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரு எண்ணம் உண்டு. பூஞ்சை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவ ஒரே ஒரு ஜீன் கதவு திறந்துவிடுகிறது என்று நம்பினார். அவர் சந்தேகப்பட்ட ஜீன்களின் பட்டியலில் அது ஏழாவது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் ஜீனை எடுக்க வேண்டுமானால் வெளியிலிருந்து டி.என்.ஏ. உள்ளே போக வேண்டும். பூஞ்சையின் செல்லைச் சுற்றி முரட்டுச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை நொதியால் கரைத்துவிட்டால், உள்ளே இருப்பது மெல்லிய தோல் மட்டும் போர்த்திய உருண்டையாக வெளியே வரும். அதற்குப் புரோட்டோபிளாஸ்ட் என்று பெயர். நாங்கள் 'உருண்டை' என்றுதான் சொல்வோம். உருண்டைக்குள் டி.என்.ஏ.வை நுழைத்து, மறுபடி சுவர் கட்டிக்கொள்ள விட வேண்டும். கேட்க எளிது.

அதில் கைதேர்ந்த ஒருவர் எங்களிடம் இருந்தார். வேறு வேலை கிடைத்துக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். ஆகஸ்ட் கூட்டத்தில், "இனிமே யாரு செய்றது?" என்று ஆரின் கேட்டபோது மேசையைச் சுற்றி எல்லோரும் தங்கள் நகங்களைப் பார்த்தார்கள். "நான் செய்றேன்" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் குரல் என்னுடையது என்று தெரிய எனக்கே ஒரு வினாடி ஆயிற்று.

அதற்குப் பிறகு ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் தோற்றேன்.

வேலை இப்படி. முதலில் பாசிப்பயறு. ஒரு லிட்டர் கொதிநீரில் நாற்பது கிராம் பயறைப் போட்டுப் பத்து நிமிடம். தோல் வெடிக்கக் கூடாது. வெடித்தால் கஞ்சி கொழுத்துவிடும். கொழுத்த கஞ்சியில் பூஞ்சை சோம்பேறியாகி நூல் நூலாக வளருமே தவிர வித்து விடாது. ஜாய்லீன் அடுப்பு முன்னால் கடிகாரத்தோடு நிற்பாள். "என் வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு பாத்து சமைச்சதில்ல" என்பாள். வடிகட்டிய அந்த வெளிர்ப் பச்சைத் தண்ணீரில் பூஞ்சையைப் போட்டு ஐந்து நாள் குலுக்கினால், பிறை பிறையாக, படகு படகாக வித்துகள் நிறையும். அவற்றை வடித்து வேறு உணவில் போட்டால், விடிவதற்குள் இரண்டு முனையிலும் முளை விடும். அந்த இளம் முளையின் சுவர்தான் நொதிக்கு நன்றாகக் கரையும்.

நொதியில் இரண்டரை மணி நேரம். பிறகு துணியில் வடித்து, சுழற்றி, கழுவி, எண்ணிப் பார்க்க வேண்டும். உருண்டை கோடிக்கணக்கில் இருந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். குறைந்த உருண்டைகளுக்கு டி.என்.ஏ.வைச் செலவழிப்பது வீண்.

ஐந்து முறையும் நுண்ணோக்கிக்கு அடியில், எண்ணும் கண்ணாடியில் எனக்குக் கிடைத்தது குப்பை. கிழிந்த தோல்கள், சிதறிய துகள்கள், அங்கங்கே ஒரு நிழல். ஐந்து முறையும் சோதனைக் குழாயை நீராவிக் கொதிகலத்தில் போட்டு உள்ளே இருந்ததைக் கொன்றேன். சூட்டைக் குறைத்துப் பார்த்தேன். நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். முளையைச் சிறிதாக எடுத்தேன், பெரிதாக எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு குப்பி நொதி தீர்ந்தது. தயாரித்த கம்பெனி அதை நிறுத்திவிட்டிருந்தது. உலகத்தில் யாரிடமாவது இருந்தால் அது ஸ்ட்ரோவிடம். அவர் நொதியை அனுப்ப மாட்டார், பூஞ்சையை அனுப்பச் சொல்வார்.

"கடைசிக் குப்பியைப் பயன்படுத்தட்டுமா?" என்று ஆரினிடம் கேட்டேன்.

அவர் கோப்பையைச் சுற்றினார். "திங்கக்கிழமை பதினோரு மணி வரைக்கும் அது உன் பூஞ்சை, டார்லிஸ். நான் பாக்கல."

அன்றே கஞ்சியில் போட்ட பூஞ்சையின் வித்துகளை ஞாயிறு இரவு முளைக்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. மூக்கு முடி உறையும் குளிர். முளைகள் அழகாக இருந்தன, வித்தைப் போல மூன்று மடங்கு நீளம். கடைசிக் குப்பியைக் கரைத்தேன். உப்புச் செறிந்த கரைசலில்தான் கரைக்க வேண்டும். சுவர் இல்லாத உருண்டை வெறும் தண்ணீரைக் கண்டால் உறிஞ்சி உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். இது எனக்கு மனப்பாடம். கழுவும் கரைசல், வடிக்கும் துணியை நனைக்கும் கரைசல், குழாயின் உள்சுவரை அலசும் கரைசல், எல்லாம் கனத்த உப்பு. பிப்பெட் எனும் உறிஞ்சுகுழலின் மூக்கைக்கூடக் கத்தரியால் அகலமாக வெட்டி வைத்திருந்தேன், உருண்டைகள் நசுங்கக் கூடாதென்று.

ஒன்பதே முக்காலுக்கு வடித்துக் கழுவி முடித்தேன். குழாயின் அடியில் வெண்மையாக ஒரு படிவு. ஐந்து முறையும் இதே படிவு இருந்தது. எனவே மகிழ்ச்சிக்கு இடமில்லை. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்து மூடினேன். எண்ணுவதற்குக் கலக்கும் நீலச் சாயத்துக்குக் கையை நீட்டினால் புட்டி காலி.

"ஜாய்லீன்! நீலம் தீந்துபோச்சு!"

"கத்தாத, இப்பத்தான் புதுசா கலக்கியிருக்கேன். வடிகட்டிக் கொண்டாறேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சும்மா உட்கார முடியவில்லை. நீலம் வருவதற்குள் கண்ணாடியைப் பொருத்தி வைக்கலாம் என்று நுண்ணோக்கியைப் பிடித்தேன். பிடித்தபடி குனிந்து பார்த்தேன்.

முதலில் எனக்குப் புரியவில்லை. காற்றுக்குமிழி என்று நினைத்தேன். குவியத்தைத் திருகினேன். உருண்டைகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றையொன்று முட்டி, கூடையில் கொட்டிய திராட்சை போல, விளிம்பு பளபளக்க, இடைவெளியே இல்லாமல் உருண்டைகள். தட்டை நகர்த்தினேன். அங்கேயும். இன்னும் நகர்த்தினேன். அங்கேயும்.

"ஜாய்லீன், இங்க வாயேன்."

"வந்துட்டேன், வந்துட்டேன். என்ன, செத்தவளாட்டம் பேசுற?"

"பாரு."

அவள் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "அட! ஏண்டி, இது என்ன, ஜவ்வரிசிப் பாயசமா?"

"உருண்டை."

"இதுவா? இத்தனையா? எண்ணலாம், இரு" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் கட்டடத்தில் வித்து எண்ணும் எல்லோரும் செய்வதைச் செய்தாள். கையிலிருந்த நீலத்தில் ஒரு சொட்டை மூடிக் கண்ணாடியின் ஓரத்தில் தொட்டாள். நான் மறுபடி குனிந்தேன்.

நீலம் இடது பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்தது, ஆற்றில் வெள்ளம் ஏறுகிற மாதிரி. அது தொட்ட முதல் உருண்டை கொஞ்சம் பெருத்தது. இன்னும் பெருத்தது. பிறகு இல்லை. அது இருந்த இடத்தில் கிழிந்த தோல், நாலைந்து துகள். அடுத்தது பெருத்தது. இல்லை. அடுத்தது. வரிசையாக, நீலம் முன்னேற முன்னேற, ஒவ்வொன்றாக வெடித்துக் காணாமல் போயின. ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுக்க நான் ஐந்து முறை பார்த்த அதே குப்பை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"இந்தச் சாயத்தை எதுல கலக்குற?"

"எதுல கலக்குவாங்க? தண்ணியிலதான்."

"தண்ணியில."

"பன்னெண்டு வருஷமா தண்ணியிலதான் கலக்குறேன். நீயுந்தான் கலக்கியிருக்க. ஏன் இப்படி முழிக்கிற?"

வித்து எண்ணுகிறவர்கள் நாங்கள். ஒரு சொட்டு வித்துக்கு ஒன்பது சொட்டு நீலத் தண்ணீர். கை தானாகச் செய்யும். வித்துக்குச் சுவர் உண்டு, அதற்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை. கடற்கரைப் பக்கம் போனவர் எழுதி வைத்த செய்முறைத் தாளில் எல்லாம் இருந்தது, எப்படி எண்ணுவது என்பது மட்டும் இல்லை. எண்ணுவது எப்படி என்று இந்தக் கட்டடத்தில் யாருக்கு எழுதிக் காட்ட வேண்டும்? இரண்டரை மணி நேரம் ஒரு துளி தண்ணீர் படாமல் காத்த உருண்டைகளை, கடைசியில் எண்ணுவதற்காக நானே ஒன்பது மடங்கு தண்ணீரில் முக்கி வெடிக்க வைத்து, "ஒன்றும் இல்லை" என்று குறித்துக்கொண்டு, குழாயில் உயிரோடு இருந்த கோடிக்கணக்கான உருண்டைகளை வேகவைத்துக் கொன்றிருக்கிறேன். ஐந்து முறை.

அதை ஜாய்லீனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் வாய் திறந்துகொண்டே போனது.

"அப்ப அஞ்சு தடவையும் உன் சமையல் சரியாத்தான் இருந்துச்சு. ருசி பாக்குற கரண்டியிலதான் விஷம்."

"ஆமா."

"இப்ப அந்தக் குழாய்ல இருக்கே..."

"எல்லாம் உயிரோட இருக்கு."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நான் சின்ன உருவம் இல்லை. "என்னை இறக்கு! நேரமில்ல! உப்புக் கரைசல்ல கொஞ்சம் நீலம் கலக்கிக் கொண்டா. எண்ணணும்."

"மகாராணி உத்தரவு" என்று ஓடினாள்.

ஸ்ட்ரோ இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனிதர் பூட்ஸ் பனியை உதறும் சத்தம் கூடத்தில் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் கணக்கு தவறும். ஜாய்லீன் கதவை உடம்பால் மறைத்து நின்றாள்.

"டாக்டர், உள்ள வர முடியாது."

"நான் ஸ்ட்ரோ. பூஞ்சையை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

"தெரியுது. உள்ள வேலை நடக்குது. காப்பி குடிங்க. பூசணி கேக் இருக்கு."

"எனக்குச் சர்க்கரை ஆகாதும்மா."

"அப்ப பாத்துட்டு மட்டும் இருங்க."

ஆரின் எங்கிருந்தோ வந்தார். "கார்லண்ட், வா, சாலை எப்படி இருந்துச்சு?" என்று அவரை நகர்த்திக்கொண்டு போகப் பார்த்தார். சாலையைப் பற்றிப் பேசினால் எங்கள் ஊரில் அரை மணி நேரம் ஓடிவிடும். ஆனால் ஸ்ட்ரோ நகரவில்லை. "என்ன வேலை?" என்றார்.

"ஆறு கோடி" என்றேன் நான்.

ஸ்ட்ரோ ஜாய்லீனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னது?" என்றார் ஸ்ட்ரோ.

நான் கண்ணை எடுத்தேன். அந்நியர்களிடம் பேச எனக்கு வராது. வாய் உலர்ந்துவிடும். இப்போது உலரவில்லை. "புரோட்டோபிளாஸ்ட். ஆறு கோடி இருக்கு. பாக்குறீங்களா? கண்ணாடிய நகர்த்தாதீங்க."

ஜாய்லீன் வழிவிட்டாள். ஸ்ட்ரோ கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய மூக்கு நுனியிலிருந்து உருகிய பனி ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. பிறகு, கேட்காமலே, கையால் அழுத்தும் எண்ணியை எடுத்துத் தானே எண்ண ஆரம்பித்தார். டிக், டிக், டிக் என்று அது ஓடியது. நாங்கள் மூவரும் நின்றோம்.

"எனக்கு ஆறரை வருது" என்றார். நிமிர்ந்து ஆரினைப் பார்த்தார். "இவங்க செய்ய முடியாம திணறுறாங்கன்னுதானே சொன்ன?"

"காலையில ஒன்பதே முக்கால் வரைக்கும் அது உண்மை" என்றார் ஆரின்.

"எங்க ஆளுங்களுக்கு நல்ல நாள்லயே ரெண்டு கோடி வந்தா கேக் வெட்டுவாங்க."

"அதான் சர்க்கரை வந்துருச்சா?" என்றாள் ஜாய்லீன்.

ஸ்ட்ரோ சிரித்துவிட்டார். அவர் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு என்னிடம் நேராகக் கேட்டார். "ஒரு மாசம் பொறுக்கட்டுமா? கிறிஸ்துமஸுக்குள்ள ஜீன் போன பூஞ்சை ஒண்ணு கைக்கு வந்தா நான் இந்தப் பக்கமே வரல. கைக்கு வரலன்னா ஜனவரியில உங்க பூஞ்சையை எனக்கு அனுப்பிடணும். சம்மதமா?"

கேட்டது ஆரினிடம் இல்லை, என்னிடம். ஆரின் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்மதம்" என்றேன். "இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டி.என்.ஏ. சேக்கணும்."

ஏழாம் ஜீனின் இடத்தில் உட்காருவதற்கு நாங்கள் தயாரித்து வைத்திருந்த டி.என்.ஏ.வில், பூஞ்சையைக் கொல்லும் ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியும் சேர்ந்திருந்தது. அதை உள்ளே வாங்கிய உருண்டை மட்டும் மருந்துத் தட்டில் பிழைக்கும். மற்றவை சாகும். உருண்டைகளோடு டி.என்.ஏ.வைச் சேர்த்து, பாகு போன்ற ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குழாயை அசைக்காமல், உள்ளங்கையில் சாய்த்து உருட்டினேன். பிறகு சர்க்கரை கனத்த அகர், கையில் தொட்டால் இளஞ்சூடு. அதில் கலந்து பன்னிரண்டு தட்டுகளில் ஊற்றினேன். ஒரு தட்டுக்கு மட்டும் மருந்து கிடையாது. உருண்டைகள் மறுபடி சுவர் கட்டுகின்றனவா என்று பார்க்க. இன்னொரு தட்டில் டி.என்.ஏ. சேர்க்காத உருண்டைகள். மருந்து கொல்கிறதா என்று பார்க்க. முடித்தபோது மணி இரண்டு. ஸ்ட்ரோ ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, வெறும் கையோடு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை, மருந்தில்லாத தட்டைத் தவிர மற்ற தட்டுகளின் மேல் மருந்து கலந்த அகரை இரண்டாம் அடுக்காக ஊற்றினேன்.

புதன்கிழமை, மருந்தில்லாத தட்டு முழுக்க வெண்பஞ்சு. உருண்டைகள் சுவர் கட்டி எழுந்துவிட்டன. ஜாய்லீன் அந்தத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஓடினாள். கட்டடத்தில் விதை வங்கி வைத்திருப்பவர்கள், உருளைக்கிழங்கு நோய் ஆராய்பவர்கள் எல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

மற்ற தட்டுகளில் வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி ஒன்றுமில்லை. வார இறுதியில் வர வேண்டாம் என்று ஆரின் சொன்னார். நான் வந்தேன். அவரும் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி அடைகாப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றோம். சனிக்கிழமை மூன்றாம் தட்டில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளை. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூசிக்கு மயிர் முளைத்திருந்தது. பக்கத்தில் இன்னும் நான்கு. ஒன்பதாம் தட்டில் ஏழு. டி.என்.ஏ. சேர்க்காத தட்டு துடைத்து விட்டது போல் வெறுமையாக இருந்தது.

மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டுக்கு மாற்றினேன். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் எல்லாம் எங்கள் பூஞ்சைக்கே உரிய ரோஜாச் சிவப்பு. மருந்தைத் தாங்கினால் மட்டும் போதாது, டி.என்.ஏ. சரியான இடத்தில்தான் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். பார்த்தோம். இருபது பேர் கண்ட இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரிடம் ஏழாம் ஜீன் இல்லவே இல்லை.

டி.என்.ஏ.வைக் கோடு கோடாகக் காட்டும் சோதனைப் படத்தை ஆரின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று பேரின் கோடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "மோசமில்ல" என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இரண்டு முறைதான் வந்திருக்கிறது என்று ஜாய்லீன் சொன்னாள். முதல் முறை அவருடைய மகள் பிறந்தபோது. டிசம்பர் பதினெட்டாம் தேதி நான் ஸ்ட்ரோவுக்குப் படத்தை அனுப்பினேன். "இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஆனால் உண்மையான கேள்வி இன்னும் பாக்கி. கதவு திறக்கும் ஜீன் அதுதானா?

பசுமைக்குடிலில் கோதுமை பூத்திருந்தது. வெளியே ஜன்னலை மறைக்கும் பனி, உள்ளே ஜூன் மாத வெயில் மாதிரி விளக்குகள். நாற்பது கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் நடுப்பூ ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு வித்து. இருபது கதிருக்குப் பழைய பூஞ்சை, என் அப்பாவின் வயலில் வந்த அதே மூர்க்கன். இருபதுக்கு ஏழாம் ஜீன் இல்லாதது. எது எது என்று எனக்கே தெரியக் கூடாதென்று ஜாய்லீன் எண் போட்டு ஒட்டினாள். கதிர்களுக்குப் பை மாட்டி ஈரம் காத்தோம். மூன்றாம் நாள் பையை எடுத்தோம்.

ஒரு வாரத்தில் எல்லாக் கதிரிலும் நடுப்பூ வெளுத்தது, நாற்பதிலும். ஜீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானா?

"பொறு" என்றாள் ஜாய்லீன். "தொட்ட இடம் வெளுக்கும். பரவுதான்னுதானே பாக்கணும்?"

பத்தாம் நாள் சில கதிர்களில் வெளுப்பு மேலும் கீழும் பரவியது. சிலவற்றில் பரவவில்லை. பதினான்காம் நாள் கத்தரிக்கோலோடு போனேன். நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வரிசையில் பாதிக் கதிர்கள் எலும்பு நிறம், நுனி முதல் அடி வரை. மீதிப் பாதி பச்சை. நல்ல, கொழுத்த, பால் ஏறிய பச்சை. நடுவில் ஒரே ஒரு பூ மட்டும் வெள்ளையாக, கதவு திறக்காமல் உள்ளேயே செத்துப்போனது போல். ஜாய்லீன் பட்டியலைப் பிரித்து எண்களைப் படித்தாள். பச்சைக் கதிர் எல்லாம் ஏழாம் ஜீன் இல்லாத பூஞ்சை வைத்தவை, இருபதுக்கு இருபது. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆரின் பானைகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஆரின், எழுந்திருங்க, தரை ஈரம்" என்றேன்.

"இருக்கட்டும். பத்தொன்பது வருஷம் நின்னுட்டேன்" என்றார்.

பிப்ரவரியில் கோதுமை விவசாயிகளின் குளிர்காலக் கூட்டம். ஹோட்டல் மண்டபம் நிறைய, விதைக் கம்பெனித் தொப்பிகளோடு முந்நூறு பேர். ஆரின் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எழுந்து நின்றவர், "இதைச் செஞ்சவங்க சொல்வாங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஜாய்லீன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி. உருண்டைங்ககிட்ட பேசுவியே, அப்படிப் பேசு."

மேடைக்குப் போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். கொண்டுபோன இரண்டு கதிர்களையும் தூக்கிப் பிடித்தேன். இடது கையில் வெள்ளை, வலது கையில் பச்சை. வெள்ளைக் கதிர் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"ரெண்டுலயும் ஒரே பூஞ்சைதான்" என்றேன். "பச்சைல இருக்குற பூஞ்சைல ஒரே ஒரு ஜீனை எடுத்துட்டோம்."

முன்வரிசையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "அந்தப் பச்சைக் கதிரை இப்படிக் குடும்மா, பாக்கறேன்." கொடுத்தேன். அவர் வெளுத்த பூவையும் அடுத்த பூவையும் நகத்தால் பிரித்துப் பார்த்தார். அடுத்த பூவிலிருந்து ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "நல்ல மணி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கதிர் வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

"இது எங்க வயலுக்கு எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இந்தப் பூஞ்சை வயலுக்கு வராது, வரவும் வேண்டாம்" என்றேன். "அது எந்தக் கதவைத் திறந்து போகுதுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு. அந்தக் கதவைப் பூட்டுற கோதுமையத் தேடணும். அதுக்கு வருஷம் ஆகும். உங்க வயல்ல எந்த மூலையில முதல்ல வெளுக்குதோ அங்கேருந்து எனக்குக் கதிர் அனுப்புங்க. அந்தப் பூஞ்சைங்களும் இதே கதவைத்தான் திறக்குதான்னு நான் பாக்கணும்."

"எங்க அனுப்பணும்? யார் பேருக்கு?"

"டார்லிஸ் பாக்கன்" என்றேன். மைக்கில் என் பெயர் பெரிதாகக் கேட்டது. "என் பேருக்கே அனுப்புங்க. ரொட்டிப் பையில போட்டாலும் போதும். ஆனா ஈரமா அனுப்பாதீங்க, வழியிலேயே அழுகிரும்."

அதற்குள் ஏழெட்டுக் கைகள் மேலே போயிருந்தன. நான் முதல் வரிசையிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினேன்.